காத்திருப்பு நீளும்போது வாக்குத்தத்தத்தைப் பிடித்துக்கொள்வது எப்படி: புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் கையில் கிடைப்பது வாக்குத்தத்த வசனங்கள்தான். கேளுங்கள், கொடுக்கப்படும், பொய் சொல்ல தேவன் மனுஷன் அல்ல, அவர் சொன்னதைச் செய்வார் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும், நாமும் நம்பி ஜெபிக்க ஆரம்பிப்போம். முதல் சில மாதங்கள் உற்சாகமாகவே போகும். அப்புறம் ஒரு வருஷம், மூன்று வருஷம் என்று ஓடி, கேட்ட காரியம் கேட்ட இடத்திலேயே கிடக்கும்போது, சபையில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "கர்த்தருடைய வேளைக்குக் காத்திருங்க." சரி, காத்திருக்கிறோம். எப்படிக் காத்திருப்பது என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. வேலை, திருமணம், குழந்தை, சுகம், வீட்டில் ஒருவருடைய மனந்திரும்புதல் என்று எதற்காகக் காத்திருந்தாலும் இங்கே சொல்லப்போகிற படிகள் பொருந்தும். ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், தேவைப்படும்.

முதலில், என்ன வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்

என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றையும்விட இந்தப் படிதான் முக்கியம், அவசரத்தில் எல்லாரும் தாண்டிப் போவதும் இதைத்தான். நீண்ட காத்திருப்பில் மனம் உடைந்துபோகிறவர்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தால், தேவன் கொடுத்த வாக்கும், அதன் மேல் அவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட தேதியும் விவரமும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால், நம்முடைய தேதி தவறும்போதெல்லாம் தேவன் வாக்குத் தவறிவிட்டார் என்றே தோன்றும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருகிற வசனம். காத்திருக்கிறவர்களுக்கு மற்றவர்கள் அதிகமாக அனுப்பி வைப்பதும் இதுதான். அருமையான வசனம், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிற வரி. கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கு வந்துவிடுகிறது. அந்தக் கடிதம் சத்தமாக வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் முப்பது வயதில் நின்றவர், தான் ஊர் திரும்பப் போவதில்லை என்று அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பார். அந்தக் கடிதம் அவர்களைச் செய்யச் சொன்னது என்ன தெரியுமா? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள்.

இப்போது நோட்டை எடுத்து ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போடுங்கள். வேலைக்காகக் காத்திருக்கிற ஒருவர் இந்த வசனத்தை வைத்து எழுதினால், இடது பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "எரேமியா 29:11. யாருக்குச் சொன்னது? பாபிலோனில் இருந்தவர்களுக்கு. எப்போது? எழுபது வருஷம். அதுவரை என்ன செய்ய வேண்டும்? வீடு, தோட்டம், குடும்பம், அந்த ஊருக்காக ஜெபம். தேவனைப் பற்றி இதில் என்ன தெரிகிறது? தண்டனைக் காலத்திலும் தம் ஜனத்தை அவர் மறக்கவில்லை." வலது பக்கம்: "எனக்கு வேண்டியது: இந்த வேலை, இந்தச் சம்பளம், ஜூன் மாதத்துக்குள்." வலது பக்கத்தில் எழுதியது தப்பு என்று சொல்லவில்லை. அதைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். அது உங்கள் விண்ணப்பம், இடது பக்கத்தில் இருப்பதுதான் வாக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இடது பக்கத்துக்கு வசனம் தேடும்போது, யாரிடம் பேசப்பட்டது என்ற கேள்வியை விடவே கூடாது. ஆபிரகாமுக்குச் சொன்ன குமாரன் ஆபிரகாமுக்குச் சொன்ன குமாரன்தான். ஆனால் சில வாக்குகளை வேதமே எல்லாருக்கும் விரித்துக் கொடுக்கிறது. மோசே இறந்தபின் யோசுவாவிடம் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையை எபிரெயர் 13:5 எடுத்து, சாதாரண விசுவாசிகளுக்கு, அதுவும் பண ஆசையைப் பற்றிப் பேசும் இடத்தில், அப்படியே கொடுத்துவிடுகிறது: "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." இதை உங்கள் பெயர் போட்டு எழுதிக்கொள்ளலாம். உலகத்தின் முடிவுவரை கூடவே இருப்பேன் என்ற மத்தேயு 28:20, ஞானம் இல்லாதவன் கேட்டால் கொடுக்கப்படும் என்ற யாக்கோபு 1:5, பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு என்ற 1 யோவான் 1:9 எல்லாம் இந்த வகைதான். "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று யோவான் 16:33-இல் இயேசு சொன்னதும் இதே வகைதான், ஆனால் அதை யாரும் அழகான படத்தின் மேல் எழுதி அனுப்புவதில்லை!

அடுத்து, தேதியைக் கையிலிருந்து விடுங்கள்

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75. ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். வேகமாக வாசிக்கிறவர்களுக்கு ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்துக்கும் 17-ஆம் அதிகாரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கண்ணிலேயே படாது: 16 முடியும்போது ஆபிராமுக்கு (ஆபிரகாமின் முந்தின பெயர் இது) 86 வயது, 17 தொடங்கும்போது 99. அந்தப் பதின்மூன்று வருஷங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 86-ஆம் வயதில் நடந்தது ஆகாரின் கதை. வாக்கு சீக்கிரம் நிறைவேற வேண்டும் என்று, தன் அடிமைப்பெண் ஆகாரின் மூலம் பிள்ளை பெற மனைவி சாராய் போட்ட திட்டம் அது, ஆபிராமும் சரி என்றார். வாக்கை நம்பாதவர்கள் செய்த வேலையாக எனக்கு அது தெரியவில்லை. வாக்கை நம்பி, காலத்தை மட்டும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டவர்கள் செய்தது, அதற்காக அடிபட்டது ஆகாரும் அவள் பிள்ளையும்.

இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுக்கும் இதுவே நடந்தது. கில்காலில், பலி செலுத்த வரவேண்டிய தீர்க்கதரிசி சாமுவேலுக்காக ஏழு நாள் காத்திருந்தார், ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவிப் போகிறார்கள், எதிரே பெலிஸ்தர். பொறுக்க முடியாமல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்தினார். செலுத்தி முடிக்கவும் சாமுவேல் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஆகவே நோட்டின் வலது பக்கத்தில் தேதி எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு "நீர் குறித்த காலத்தில்" என்று எழுதுங்கள். விண்ணப்பம் அப்படியே இருக்கட்டும், தேதி மட்டும் போகட்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நீண்ட நாள் காத்திருக்கிறவர்களைத் தேடித் தேதி சொல்ல ஆட்கள் வருவார்கள். எரேமியாவின் காலத்திலேயே வந்தார்கள்: அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில், எல்லார் முன்னாலும், பாபிலோனுக்குப் போனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்றான். கேட்க எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாகூட முதலில், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொன்னார். ஆனால் அது பொய் என்று தேவன் வெளிப்படுத்தினார். இன்றைக்கும் யாராவது உங்களிடம் வந்து, இந்த மாதத்துக்குள் நடக்கும் என்று ஆண்டவர் சொன்னார் என்றால், வேதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், உங்கள் போதகரிடம் கேளுங்கள், அதை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். அதோடு காணிக்கையும் கேட்டால், விதை விதைத்தால்தான் அறுப்பு என்று பணத் தொகை சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம்.

மூன்றாவது, முறையிடக் கற்றுக்கொள்ளுங்கள்

புதியவர்கள் இதைக் கேட்டால் கொஞ்சம் அதிர்வார்கள். விசுவாசி என்றால் எப்போதும் "ஸ்தோத்திரம்" என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், குறை சொன்னால் அவிசுவாசம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சங்கீதப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், 13-ஆம் சங்கீதம் எப்படி ஆரம்பிக்கிறது? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" முதல் இரண்டே வசனத்துக்குள் அதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் ஐந்தாம் வசனத்தில் தாவீது, "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்கிறார். நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் சூழ்நிலை மாறியதாக எதுவும் எழுதப்படவில்லை. சத்துரு அங்கேயேதான் இருக்கிறான். 88-ஆம் சங்கீதமோ ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமலே முடிந்துவிடுகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

விசுவாசத் தகப்பன் என்று நாம் சொல்கிற ஆபிரகாமே, "அடியேனுக்கு என்ன தருவீர்? நான் பிள்ளையில்லாமல் இருக்கிறேனே" என்று நேருக்கு நேர் கேட்டவர்தான். அப்படிக் கேட்ட அதே அதிகாரத்தில்தான் அவர் கர்த்தரை விசுவாசித்தார் என்றும் எழுதியிருக்கிறது. லாசரு இறந்தபின் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியாக வந்து சொன்னதும் ஒரே குறைதான்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். இயேசு இருவரில் ஒருவரையும் கடிந்துகொள்ளவில்லை.

எப்படிச் செய்வது? கதவைச் சாத்திக்கொண்டு, அழகான ஜெப வார்த்தைகளை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள். வார்த்தை வரவில்லை என்றால் இப்படித் தொடங்கலாம்: "ஆண்டவரே, இந்த மாதமும் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கோபமாக இருக்கிறது. ஜெபிக்க உட்காரவே பிடிக்கவில்லை, இருந்தாலும் வந்திருக்கிறேன். என்னைவிட்டு விலகுவதில்லை என்று நீர் சொன்னதை வைத்துத்தான் கேட்கிறேன், இன்னும் எவ்வளவு நாள்?" இதற்குமேல் வரவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம். கடைசி வரியில் நோட்டின் இடது பக்கத்திலிருந்து ஒரு வாக்கு வந்திருக்கிறது பாருங்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் புலம்பலுக்கும் முறையீட்டுக்கும் அதுதான் வித்தியாசம். முறையிடுகிறவர் தேவன் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிக் கேட்கிறார்.

விசுவாசமே இல்லாத மாதிரி தோன்றுகிற நாளும் வரும். அன்றைக்கு மாற்கு 9:24-இல், பிள்ளைக்காக வந்த அந்தத் தகப்பன் சொன்னதைச் சொல்லுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இயேசு அவன் பிள்ளையைச் சுகமாக்கினார், பாதி விசுவாசம் போதாது என்று திருப்பி அனுப்பவில்லை.

நான்காவது, கையில் இருக்கிற வேலையைச் செய்யுங்கள்

காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் அடிமையாக விற்கப்பட்டார், எகிப்து ராஜாவான பார்வோன் முன் நின்றபோது வயது 30. நடுவில் போத்திபார் வீட்டில் வேலை, அப்புறம் சிறையில் வேலை. சிறையில் இருந்தபோது பானபாத்திரக்காரர் தலைவனிடம், நீ வெளியே போனதும் என் காரியத்தைப் பார்வோனிடம் சொல் என்று வெளிப்படையாகக் கேட்டும் வைத்தார். தேவன் பார்த்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்த ஆள் மறந்துபோனான், இரண்டு வருஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது, அது வேறு விஷயம்.

ஆகவே வேலைக்காகக் காத்திருக்கிறவர் விண்ணப்பம் போடுவதை நிறுத்தக் கூடாது. சுகத்துக்காகக் காத்திருக்கிறவர் மருந்தை நிறுத்தவே கூடாது. யாராவது விசுவாசத்தின் பெயரால் மாத்திரையைத் தூக்கிப் போடச் சொன்னால் கேட்காதீர்கள், மருத்துவரிடம் போவது அவிசுவாசம் இல்லை, சுவிசேஷம் எழுதிய லூக்காவே வைத்தியர்தான். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் போனாலோ, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தாலோ, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் உடனே மருத்துவரையும், நம்பிக்கையான ஒருவரையும் பாருங்கள்.

வில்லியம் கேரி என்ற ஆங்கிலேய மிஷனரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். அவருடைய ஊழியத்தில் ஒரு இந்துவின் முதல் ஞானஸ்நானம், கிருஷ்ண பால் என்ற தச்சருடையது, 1800 டிசம்பரில்தான் நடந்தது. ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷமும் அவர் வங்காள மொழி படித்தார், அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்துப் பிழைத்தார், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். ஆட்கள் வர ஆரம்பித்தபோது அவர்கள் வாசிப்பதற்குப் புத்தகம் தயாராகிக்கொண்டிருந்தது, 1801-இல் அச்சாகி வந்தது. உங்கள் நோட்டில் ஒரு தனிப் பக்கத்தில், கேட்டது கிடைக்காத இந்தக் காலத்திலும் நான் செய்யக்கூடிய வேலை எது என்று எழுதிப் பாருங்கள், குறைந்தது இரண்டு மூன்றாவது வரும்.

ஐந்தாவது, ஒரே ஒருவரையாவது கூட வைத்துக்கொள்ளுங்கள்

சபை முழுவதற்கும் சொல்ல வேண்டும் என்று அவசியமில்லை. அடிக்கடி, "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்கிறவர்களிடம் "ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், நீங்களும் ஜெபியுங்கள்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடலாம். ஆனால் ஒருவரிடம், அவசரமாக அறிவுரை சொல்லாத ஒருவரிடம், முழுவதையும் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து ஜெபித்தாலே பெரிய விஷயம். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் மனம் கசந்து அழுதபோது ஆசாரியனான ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தார், ஆகவே சபையில் பெரியவர்களும் தவறாகப் புரிந்துகொள்ளலாம், அதற்காகச் சபையை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் கேட்டது இன்னொருவருக்கு முதலில் கிடைக்கும். கட்டாயம் நடக்கும். சபையில் அவர்கள் சாட்சி சொல்லும்போது உள்ளே குத்தும். அன்று இரவே அதையும் ஆண்டவரிடம் முறையிடுங்கள், வாழ்த்துச் சொல்லும் அளவுக்கு மனம் வர இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஆறாவது, எழுதி வையுங்கள்

நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு, என்ன கேட்டேன், என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்ட பெரிய காரியம் நடக்காத மாதங்களிலும் சின்னச் சின்ன உதவிகள் வரும், எழுதாவிட்டால் மறந்துபோகும். தரிசனத்தை எழுதி வை என்று ஆபகூக் தீர்க்கதரிசிக்கும் சொல்லப்பட்டது. "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு" என்ற வார்த்தை அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் ஜெபத் துணையோடு உட்கார்ந்து அதைத் திருப்பிப் பாருங்கள். வாசிக்கவே மனமில்லாத நாட்களில் ஒரு சங்கீதம் போதும். 13-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனம்தான்.

கடைசியாக, "இல்லை" என்று பதில் வந்தால்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி பாதிதான். எல்லாக் காத்திருப்பும் கேட்டது கிடைத்து முடிவதில்லை. கானானுக்குள் போக விடும் என்று மோசே கெஞ்சினார். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்றார் கர்த்தர். பிஸ்கா மலையின் கொடுமுடியில் ஏறி அந்தத் தேசத்தைப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், அது போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தாவீது பிள்ளைக்காக ஏழு நாள் உபவாசித்துத் தரையில் கிடந்தார், பிள்ளை இறந்தது. எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் என்று சொல்வோம், அந்தப் பட்டியலின் நடுவிலேயே, இவர்கள் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்று எழுதியிருக்கிறது.

கதவு அடைபட்டது என்று எப்போது தெரியும்? சில காரியங்களில் சந்தேகத்துக்கே இடமிருக்காது: ஒருவர் இறந்துவிட்டார், நீங்கள் விரும்பியவருக்கு வேறு இடத்தில் திருமணம் முடிந்துவிட்டது, வயது தாண்டிவிட்டது. மற்ற காரியங்களில் அவசரப்பட்டு நீங்களாகவே "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். மோனிக்கா, பின்னாளில் பெரிய சபைப் போதகரான தன் மகன் அகஸ்டினுக்காக வருஷக்கணக்கில் கண்ணீரோடு ஜெபித்தார், கி.பி. 387-இல் மகன் ஞானஸ்நானம் பெற்றபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. போதகரோடும் ஜெபத் துணையோடும் பேசி, நோட்டை வைத்துப் பார்த்து, நிதானமாக முடிவுக்கு வாருங்கள்.

உண்மையாகவே அடைபட்டிருந்தால், வலது பக்கத்தில் இருக்கிற விண்ணப்பத்துக்கு எதிரே தேதி போட்டு, "கிடைக்கவில்லை" என்று எழுதுங்கள். இடது பக்கத்தை ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். விலகுவதில்லை, கைவிடுவதில்லை, முடிவுவரை கூட இருப்பேன் என்று அங்கே எழுதியதில் எதையும் அடிக்க வேண்டியிருக்காது, ஆனால் அதனால் துக்கம் உடனே தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அழ வேண்டிய அளவு அழுங்கள், கொஞ்ச நாளைக்குப் பாட்டுப் பாட வராது, பரவாயில்லை, ஆராதனையில் சும்மா உட்கார்ந்திருங்கள். அந்த நாட்களில் யாராவது மைக்கைக் கொடுத்து, இதிலும் தேவன் செய்த நன்மையைப் பற்றிச் சாட்சி சொல்லுங்கள் என்று கேட்டால், இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.